துறைமுகம் கட்டப் பணம் உண்டு. மணல் அள்ளப் பணம் எங்கே?

கடற்கரை மாவட்டங்களிலிருந்து இரண்டு விதமான செய்திகள் அடுத்தடுத்து வருவது வழக்கமாகிவிட்டது. மீன்பிடித் துறைமுகத்தை மேம்படுத்த இத்தனை கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பது ஒன்று. முகத்துவாரம் மணலால் அடைபட்டுவிட்டது, உடனே தூர்வார வேண்டும் என்று கோரி மீனவர்கள் மறியல் செய்கிறார்கள் என்பது மற்றொன்று. இரண்டில் ஏதோ ஒன்று பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்று படிப்பவர்களுக்குத் தோன்றுகிறது. ஆனால் இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்க முடியும். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கிறது. துறைமுகத்தைக் கட்டுவதற்கான பணமும் அதைப் பேணுவதற்கான பணமும் வெவ்வேறு வாசல்கள் வழியாக, வெவ்வேறு விதிகளின்படி வருகின்றன என்பதே காரணம்.

மீன்பிடித் துறைமுகம் என்பது எது?

கடலுக்குள் நீளும் இரண்டு அலைத்தடுப்புச் சுவர்கள், அவற்றுக்கு இடையே படகு நுழையும் வாய், உள்ளே அலையடங்கிய நீர்ப்பரப்பு, படகு அணையும் தளம், கரையில் ஏலக்கூடம், வலை பின்னும் கூடம், ஐஸ் கட்டி கிடைக்கும் இடம், டீசல் பங்க், படகைக் கரையேற்றிப் பழுது பார்க்கச் சாய்தளம் ஆகிய அனைத்தும் சேர்ந்ததே மீன்பிடித் துறைமுகம். மீன் இறங்குதளம் என்பது இதைவிடச் சிறியது; பல இறங்குதளங்களில் அலைத்தடுப்புச் சுவரே இருக்காது. செய்திகளில் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடுவதுண்டு, ஆனால் நிதி விதிகள் இரண்டையும் பிரித்தே பார்க்கின்றன.

இவற்றுக்கு யார் பொறுப்பு என்பதை அரசமைப்புச் சட்டமே ஓரளவு முடிவு செய்திருக்கிறது. மீன்வளம் மாநிலப் பட்டியலின் 21ஆவது இனம். ஆட்சிக் கடல் எல்லைக்கு அப்பால் நடக்கும் மீன்பிடிப்பு மட்டும் ஒன்றியப் பட்டியலின் 57ஆவது இனமாக உள்ளது. ஆகவே, பெரிய துறைமுகத்தின் வளாகத்துக்குள் அமைந்த சென்னை காசிமேடு போன்ற சில இடங்கள் நீங்கலாக, மீன்பிடித் துறைமுகங்கள் மாநில அரசின் சொத்து. ஒன்றிய அரசு பணம் தரலாம், திட்ட அறிக்கையைச் சரிபார்க்கலாம். 1968 முதல் பெங்களூருவில் இயங்கிவரும் மீன்வளத்துக்கான மத்தியக் கடலோரப் பொறியியல் நிறுவனம் இப்பணியைத்தான் செய்கிறது. ஆனால் கட்டி முடித்த துறைமுகத்தைக் காலமெல்லாம் பேண வேண்டிய கடமை மாநிலத்தின் தலையிலேயே விழுகிறது.

மணல் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

பராமரிப்பு என்றதும் வெள்ளையடிப்பதும் விளக்கு மாற்றுவதும் நினைவுக்கு வரலாம். மீன்பிடித் துறைமுகத்தில் பராமரிப்பு என்பதன் பெரும்பகுதி மணல்தான்.

அலைகள் கரையைச் செங்குத்தாக மோதுவதில்லை, சாய்வாகவே மோதுகின்றன. அதனால் ஒவ்வோர் அலையும் சிறிதளவு மணலைக் கரையை ஒட்டியே பக்கவாட்டில் நகர்த்துகிறது. சோழமண்டலக் கரையில் தென்மேற்குப் பருவக் காலத்தில் மணல் வடக்கே போகிறது. வடகிழக்குப் பருவத்தில் தெற்கே திரும்புகிறது. வடக்கே போகும் மாதங்கள் அதிகம் என்பதால் ஆண்டு முழுவதற்குமான நிகர ஓட்டம் வடக்கு நோக்கியதாகவே அமைகிறது. இந்த ஓட்டத்தின் குறுக்கே எதைக் கட்டினாலும் என்ன நடக்கும் என்பதற்குச் சென்னையே சாட்சி. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகத்தின் சுவர்கள் எழுந்த பிறகு அதற்குத் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே மணல் வரத்து நின்று ராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை கரை அரிக்கப்பட்டது.

மீன்பிடித் துறைமுகத்துக்கும் இதே விதிதான். முதல் சில ஆண்டுகளுக்குச் சுவர் மணலைத் தடுத்து நிறுத்தும். சுவரின் ஒரு பக்கம் நிரம்பியதும் மணல் அதன் நுனியைச் சுற்றிக்கொண்டு வாய்க்குள் புகும். துறைமுகம் ஆற்று முகத்தில் இருந்தால் மேலிருந்து வரும் வண்டலும் அதனுடன் சேரும். குமரி மாவட்டத்திலும் அதை அடுத்த கேரளக் கரையிலும் ஆறு கடலோடு சேரும் இடத்தைப் ‘பொழி’ என்கிறார்கள். கோடையில் மணல் மேடு எழுந்து தானாக மூடிக்கொள்வதும், மழை வெள்ளத்திலோ ஊரார் வெட்டிவிடுவதாலோ திறப்பதும் பொழியின் இயல்பு. அப்படிப்பட்ட இடத்தில் ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் வாய் வேண்டும் என்று தீர்மானிக்கும் அரசு, ஒவ்வோர் ஆண்டும் மணல் அள்ளுவோம் என்ற உறுதியையும் அதே கையெழுத்தில் கொடுத்துவிடுகிறது என்றுதான் கொள்ள வேண்டும்.

அளவை மனத்தில் பதித்துக்கொள்ள ஓர் எளிய கணக்கு. 300 மீட்டர் நீளமும் 60 மீட்டர் அகலமும் உள்ள நுழைவாய்க்காலில் ஒரு பருவத்தில் ஒரு மீட்டர் மணல் படிந்தால் அது 18,000 கன மீட்டர். 10 கன மீட்டர் ஏற்றும் டிப்பர் லாரிக்கு அது 1,800 நடை. இத்தனையும் ஒரே ஒரு மீட்டருக்கு. விசைப்படகின் அடிப்பாகம் நீருக்குள் ஒன்றரை மீட்டருக்கும் மேல் இருக்கும். அலை தாழ்ந்து படகு இறங்கும் நொடியில் அந்த ஒரு மீட்டர் இல்லாவிட்டால் அடி மணலில் தட்டும், படகு நிற்கும், பின்னால் வரும் அலை பக்கவாட்டில் அடிக்கும். முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்தது என்று ஒரே வரியில் நாம் படித்துவிட்டுப் போகும் செய்தி இதுதான்.

நான்கு வேலைகள், ஒரே பெயர்

‘பராமரிப்பு’ என்ற ஒரே சொல்லுக்குள் தன்மையில் வேறுபட்ட வேலைகள் அடங்கியிருக்கின்றன.

1. ஆழப்படுத்தும் தூர்வாரல்: இதுவரை இல்லாத ஆழத்தைப் புதிதாக உண்டாக்குவது. ஒரு முறை செய்யும் வேலை.

2. பராமரிப்புத் தூர்வாரல்: இருந்த ஆழம் தூர்ந்துபோன பின் அதை மீட்பது. ஆண்டுக்கு ஒரு முறையோ ஒவ்வொரு பருவத்துக்குப் பின்னரோ வரும் வேலை.

3. கட்டுமானப் பழுது: அலைத்தடுப்புச் சுவரின் சரிந்த கற்களையும் டெட்ராபாட் எனப்படும் நான்கு கால் கான்கிரீட் கட்டைகளையும் மீண்டும் அடுக்குவது, அணையும் தளத்தின் தூண்களில் துருவேறிய கம்பிகளைச் சீர்செய்வது. எப்போது வரும் என்று சொல்ல முடியாது. ஒரு புயல் போதும்.

4. அன்றாட நடத்துகை: ஏலக்கூடத்தைக் கழுவுவது, கழிவுநீர், குடிநீர், விளக்கு, காவல்.

முதலாவதற்குப் பணம் எளிதாகக் கிடைக்கும். மூன்றாவது, புயல் நிவாரணக் கணக்கில் சில நேரம் நுழைந்துவிடும். நான்காவதைக் கட்டண வருவாயில் ஓரளவு சமாளிக்கலாம். திண்டாட்டம் எல்லாம் இரண்டாவதில்தான்.

பணம் வரும் வாசல்கள்

1. பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா யோஜனா. ஒன்றிய அரசின் மீன்வள மேம்பாட்டுத் திட்டம். 2020இல் 20,050 கோடி ரூபாய் மதிப்பில் தொடங்கப்பட்டது. இதில் ஒன்றிய அரசின் பங்கு 9,407 கோடி ரூபாய், மாநிலங்களின் பங்கு 4,880 கோடி ரூபாய், பயனாளிகள் போடுவது 5,763 கோடி ரூபாய். துறைமுகம் போன்ற பொதுக் கட்டமைப்புக்கு, வடகிழக்கு, இமயமலை மாநிலங்கள் நீங்கலான பிற மாநிலங்களில், ஒன்றியம் 60 விழுக்காடும் மாநிலம் 40 விழுக்காடும் தரும். தூர்வாருதலையும் இதன்கீழ் ஒரு திட்டமாக முன்வைக்க இடமுண்டு. ஆனால் அது ‘திட்டம்’ என்ற வடிவில்தான் போக வேண்டும். அதாவது அறிக்கை, மதிப்பீடு, ஒப்புதல், தவணை என்ற எல்லாப் படிகளையும் ஏற வேண்டும். ஆண்டுதோறும் வரும் வேலைக்கு இந்த வடிவம் பொருந்துவதில்லை.

2. மீன்வளம் மற்றும் நீர்வாழ் உயிரின வளர்ப்புக் கட்டமைப்பு மேம்பாட்டு நிதி. 2018-19இல் ஏற்படுத்தப்பட்ட இந்த நிதியின் அளவு 7,522.48 கோடி ரூபாய் என்பது எல்லா அறிவிப்புகளிலும் தவறாமல் இடம்பெறும் எண். அதன் உள்ளடக்கம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 5,266.40 கோடி ரூபாய் நபார்டு எனப்படும் வேளாண்மை மற்றும் ஊரக வளர்ச்சிக்கான தேசிய வங்கி உள்ளிட்ட நிறுவனங்கள் கொடுக்கும் கடன், 1,316.60 கோடி ரூபாய் கடன் வாங்குவோர் போட வேண்டிய பங்கு. ஒன்றிய அரசின் வரவுசெலவுத் திட்டத்திலிருந்து வருவது 939.48 கோடி ரூபாய் மட்டுமே. அதாவது மொத்தத்தில் எட்டில் ஒரு பங்கு. ஒன்றிய அரசின் உதவி, வட்டியில் ஆண்டுக்கு 3 விழுக்காடு வரை ஏற்றுக்கொள்வதாக அமைகிறது. அசலை மாநிலம் 12 ஆண்டுகளில் திருப்பிக் கட்ட வேண்டும், அவற்றில் முதல் 2 ஆண்டுகளுக்கு அசல் கட்ட வேண்டியதில்லை. இந்த நிதியை முதலில் பயன்படுத்திக்கொண்ட மாநிலம் தமிழ்நாடு. தரங்கம்பாடி, திருவொற்றியூர்க் குப்பம், கடலூர் முதுநகர் ஆகிய மூன்று துறைமுகத் திட்டங்களுக்காக, மொத்தம் 420 கோடி ரூபாய் மதிப்பில், 2019இல் ஒன்றிய அரசும் நபார்டும் தமிழ்நாடு அரசும் முத்தரப்பு ஒப்பந்தம் செய்துகொண்டன.

3. ஊரகக் கட்டமைப்பு மேம்பாட்டு நிதி. 1995-96 முதல் நபார்டு மாநிலங்களுக்குக் கொடுத்துவரும் கடன். சிறு இறங்குதளங்கள் பல இதில் கட்டப்பட்டவை.

4. சாகர்மாலா. ஒன்றியக் கப்பல் துறையின் துறைமுக மேம்பாட்டுத் திட்டம். சில மீன்பிடித் துறைமுகங்களுக்கு இதிலிருந்தும் பங்கு கிடைக்கிறது.

5. மாநில அரசின் சொந்த நிதி. மேற்கண்ட நான்கும் கைவிடும் எல்லாவற்றுக்கும் இதுவே கதி.

இவற்றில் இரண்டாவதும் மூன்றாவதும் கடன் என்பதைக் கவனிக்க வேண்டும். கடன் வாங்கி ஏலக்கூடம் கட்டினால் கூடம் மிஞ்சும். கடன் வாங்கி மணல் அள்ளினால் அடுத்த பருவத்தில் மணல் திரும்பிவிடும், தவணை மட்டும் நின்றுகொண்டிருக்கும். ஆகவே கடன் நிதிகள் பராமரிப்புத் தூர்வாரலுக்கு ஏற்றவையல்ல என்பதில் நியாயம் இருக்கிறது. அந்த இடத்தில் மானியமாக வரும் வழக்கமான பணம் எதுவும் ஏற்பாடு செய்யப்படவில்லை என்பதுதான் குறை.

2405உம் 4405உம்

மாநில வரவுசெலவுத் திட்ட ஆவணத்தைப் புரட்டுபவர்கள் மீன்வளத்துக்கு இரண்டு தலைப்புகளைக் காண்பார்கள். 2405 என்பது மீன்வளத்தின் வருவாய்ச் செலவு, அதாவது புதிய சொத்து எதையும் உண்டாக்காத வழக்கமான செலவு. 4405 என்பது மீன்வளத்தின் மூலதனச் செலவு, அதாவது சொத்தை உண்டாக்கும் செலவு. புதிய சுவர், புதிய தளம், ஆழப்படுத்தும் தூர்வாரல் எல்லாம் 4405. சம்பளம், நிவாரணம், பழுது, பராமரிப்புத் தூர்வாரல் எல்லாம் இயல்பாக 2405.

இது வெறும் எண்தானே என்று கடந்துவிட முடியாது. வருவாய்ப் பற்றாக்குறையை, அதாவது வருவாய்ச் செலவு வருவாயை மிஞ்சும் அளவை, குறைக்க வேண்டும் என்பது நிதிப் பொறுப்புடைமைச் சட்டங்கள் மாநிலங்களுக்கு விதித்த இலக்கு. தமிழ்நாடு இச்சட்டத்தை 2003இலேயே இயற்றியது. 2405இல் எழுதப்படும் ஒவ்வொரு ரூபாயும் அந்தப் பற்றாக்குறையைக் கூட்டும், 4405இல் எழுதப்படுவது கூட்டாது. இது போதாதென்று, 2020-21 முதல் ஒன்றிய அரசு மாநிலங்களுக்கு 50 ஆண்டுகால வட்டியில்லாக் கடன் கொடுத்துவருகிறது, அதுவும் மூலதனச் செலவுக்கு மட்டுமே. பாலமும் சாலையும் கட்டாமல் சம்பளத்துக்கே பணம் கரைந்துபோவதைத் தடுப்பது இவ்விதிகளின் நோக்கம்; அந்த நோக்கத்தில் பிழையில்லை. ஆனால் மணல் தூர்ந்த துறைமுகத்தில் அதே விதி தலைகீழாக வேலை செய்கிறது. இருக்கும் 100 கோடி ரூபாய்ச் சொத்தைப் பயன்பாட்டில் வைத்திருக்கும் செலவு ‘வீண்’ பட்டியலிலும், அதன் பக்கத்தில் இன்னொன்று கட்டும் செலவு ‘ஆக்கம்’ பட்டியலிலும் சேர்கின்றன.

இதன் விளைவாக ஒரு விநோதம் நடக்கிறது. தூர்வாரக் கேட்டால் கிடைக்காத பணம், ‘சுவரை நீட்டித்தல், ஆழப்படுத்துதல், மேம்படுத்துதல்’ என்று சேர்த்துக் கேட்டால் கிடைக்கிறது. எனவே பராமரிப்பைச் சில ஆண்டுகள் தள்ளிப்போட்டு, நிலைமை முற்றிய பின் அதையும் உள்ளடக்கி ஒரு பெரிய திட்டமாக அனுப்புவதே நிர்வாகத்துக்கு வசதியாகிவிடுகிறது. இதில் எவருடைய கெட்ட எண்ணமும் இருக்க வேண்டியதில்லை. கணக்குத் தலைப்பே அந்த வழியைக் காட்டுகிறது.

முதலப்பொழி காட்டுவது

திருவனந்தபுரம் மாவட்டத்தில் வாமனபுரம் ஆறு கடலில் சேரும் இடத்தில் உள்ளது முதலப்பொழி. பெயரிலேயே பொழி இருக்கிறது. அங்கே கட்டப்பட்ட மீன்பிடித் துறைமுகத்தின் வாயில் மணல் திரளும் சிக்கல் தொடக்கம் முதலே இருந்தது. புணேயில் உள்ள மத்திய நீர் மற்றும் மின் ஆய்வு நிலையம் ஆராய்ந்தது, சுவர்களின் அமைப்பு மாற்றப்பட்டது, சிக்கல் தீரவில்லை. முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து இறந்தோர் எண்ணிக்கை 60ஐத் தாண்டியது.

இடையில் ஒரு புதுமையான ஏற்பாடும் நடந்தது. விழிஞ்ஞம் துறைமுகக் கட்டுமானத்துக்கான பாறைகளைக் கடல் வழியே கொண்டுசெல்ல முதலப்பொழியைப் பயன்படுத்திக்கொள்ளும் நிறுவனம், பதிலுக்கு வாய்க்காலின் ஆழத்தைப் பேண வேண்டும் என்பது உடன்பாடு. அரசுக்குச் செலவில்லாத பராமரிப்பு என்று இது முதலில் தோன்றியது. ஆனால் பாறைத் தேவை உள்ளவரைதான் ஒரு கட்டுமான நிறுவனத்துக்கு அந்த வாயில் அக்கறை இருக்கும்; மீனவருக்கோ அது வாழ்நாள் முழுவதும் வேண்டும். 2025 ஏப்ரலில் வாய் முற்றிலும் அடைபட்டது. படகுகள் உள்ளே சிக்கின, மீனவர்கள் போராடினார்கள், கண்ணூர் மாவட்டம் அழீக்கலில் இருந்து ஒரு தூர்வாரும் கப்பல் கடல் வழியே வரவழைக்கப்பட்டது. மாநிலத்தின் வடகோடிப் பகுதியிலிருந்து தென்கோடிக்கு! நிரந்தர ஏற்பாடு எதுவும் இல்லை என்பதை இதைவிடத் தெளிவாக எந்த அறிக்கையும் சொல்லிவிடாது.

அதே முதலப்பொழிக்கு 177 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றுக்கும் ஒப்புதல் கிடைத்திருக்கிறது. 60:40 கணக்கின்படி ஒன்றியத்தின் பங்கு 106.2 கோடி ரூபாய், கேரளத்தின் பங்கு 70.8 கோடி ரூபாய். தொடக்கத்தில் சொன்ன இரண்டு செய்திகளும் ஒரே இடத்தில் கைகோத்து நிற்பதை இங்கே காணலாம்.

இதே கரையில் தெற்கே வந்தால், குழித்துறைத் தாமிரபரணியின் முகத்தில் தேங்காய்ப்பட்டணம். அங்கும் வாயில் மணல் மேடு, கவிழ்ந்த படகுகள், உயிரிழப்பு, சுவரின் அமைப்பை மாற்றக் கோரிப் போராட்டம் என்று கதை ஒன்றுபோலவே போகிறது. அள்ளிய மணலை விற்றுச் செலவை ஈடுகட்டலாமே என்ற யோசனை அவ்வப்போது எழுவதுண்டு. குமரிக் கரை மணலில் இல்மனைட், மோனசைட் என்ற கனிமங்கள் கலந்திருக்கின்றன. மணவாளக்குறிச்சியில் பொதுத்துறை மணல் ஆலை இயங்குவதே அதனால்தான். மோனசைட் அணுசக்திக்கான சட்டக் கட்டுப்பாட்டின் கீழ் வரும் பொருள் என்பதால் அம்மணலைக் கட்டுமான மணல்போல் லாரியில் ஏற்றி விற்றுவிட முடியாது.

படகுக்காரர் கட்டணம் கட்டினால் போதாதா?

படகு அணையும் கட்டணம், வாகன நுழைவுக் கட்டணம், கடை வாடகை, ஏலக்கூடக் குத்தகை என்று துறைமுகத்துக்கு வருவாய் உண்டு. நான்காவது வகை வேலைகளுக்கு அது உதவும். ஆனால் தூர்வாரும் செலவு படகுகளின் எண்ணிக்கையைப் பார்த்து வருவதில்லை, கடலின் போக்கைப் பார்த்து வருகிறது. 50 படகு நின்றாலும் 500 படகு நின்றாலும் வரும் மணல் ஒன்றே. ஃபைபர் படகும் வள்ளமும் மட்டுமே உள்ள சிறு துறைமுகத்தில் அதைக் கட்டணமாகப் பிரித்தால் ஒரு படகின் பங்கு அதன் வருமானத்தையே விழுங்கிவிடும்.

கனடா இந்தச் சிக்கலைப் பிரித்துக் கையாள்கிறது. உள்ளூர் மீனவர்கள் நடத்தும் துறைமுகக் குழுக்கள் அன்றாட நடத்துகையைக் கவனித்து, கட்டணமும் வசூலிக்கின்றன. பெரும் பழுதுக்கும் தூர்வாரலுக்கும் அந்நாட்டு ஒன்றிய அரசின் மீன்வளத்துறை தன் சிறு துறைமுகத் திட்டத்திலிருந்து செலவழிக்கிறது. அங்கும் பணம் போதவில்லை என்ற புகார் உண்டு. ஆனால் எந்தச் செலவு யாருடையது என்ற குழப்பம் குறைவு.

தூர்வாரும் செலவு மானியமா?

உலக வர்த்தக அமைப்பின் மீன்வள மானிய ஒப்பந்தம் 2022 ஜூன் 17 அன்று ஏற்கப்பட்டு 2025 செப்டம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்ததால் இக்கேள்வி எழுந்திருக்கிறது. அந்த ஒப்பந்தம் தடுப்பது சட்டவிரோத மீன்பிடிப்புக்கும், அளவுமீறிப் பிடிக்கப்பட்ட மீன் இனங்களுக்கும், எந்த அமைப்பின் ஒழுங்குமுறையிலும் அடங்காத ஆழ்கடலுக்கும் கொடுக்கப்படும் மானியங்களை. துறைமுகத் தூர்வாரலை அது குறிவைக்கவில்லை. ஆனால் மீன்பிடித் திறனைப் பெருக்கும் மானியங்கள் பற்றிய அடுத்த கட்டப் பேச்சு முடியாமல் இருக்கிறது. அதில் இந்தியா வளரும் நாடுகளுக்கு 25 ஆண்டு அவகாசம் கேட்டுவந்தது.

எல்லாத் துறைகளுக்கும் பொதுவான, உலக வர்த்தக அமைப்பின் பழைய மானிய ஒப்பந்தம் ‘பொதுக் கட்டமைப்பு’க்கு ஆகும் செலவை மானியமாகக் கருதுவதில்லை. மீனவர் மட்டுமே பயன்படுத்தும் துறைமுகம் பொதுக் கட்டமைப்பா என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. பொருளாதார ஆய்வாளர்களில் ஒரு சாரார் துறைமுகக் கட்டுமானத்தைத் திறன் பெருக்கும் மானியம் என்றே வகைப்படுத்துகிறார்கள். புதிய துறைமுகம் பெரிய படகுகளை அழைக்கும் என்பதால் அந்த வாதத்தில் ஓரளவு பொருள் இருக்கலாம். இருக்கும் வாயில் மணல் அள்ளுவதற்கு அது பொருந்தாது. அதனால் புதிதாக ஒரு படகும் கடலுக்குப் போவதில்லை. போன படகு கரை திரும்புகிறது.

நாட்காட்டியும் அளவுகோலும்

பணம் ஒதுக்கப்பட்ட பிறகும் இரண்டு தடைகள் உண்டு.

1. நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. ஒதுக்கீடு துறைக்கு வந்து, நிர்வாக ஒப்புதல், தொழில்நுட்ப ஒப்புதல், டெண்டர் என்று நகர்வதற்குள் ஜூன் பிறந்துவிடும். மேற்குக் கரையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை கடல் கொந்தளிக்கும். தூர்வாரும் இயந்திரம் வாயில் நிற்க முடியாது. படகுகள் அதிகம் கவிழ்வதும் அதே மாதங்களில்தான். அக்டோபருக்குள் ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தால் மே வரை வேலை செய்யலாம். அது பிப்ரவரிக்குத் தள்ளிப்போனால், மார்ச் 31க்குள் பணத்தைச் செலவழிக்க வேண்டிய அவசரத்தில் அள்ளிய மணல் கரையோரமே கொட்டப்பட்டு, அடுத்த பருவத்தில் அதே வாய்க்குத் திரும்பும்.

2. பெரும்பாலான ஒப்பந்தங்களில் ஒப்பந்தக்காரருக்குக் கூலி கன மீட்டர் கணக்கில். வேலைக்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை ஆழம் அளக்கப்படும். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டுக்குப் பட்டியல் போடப்படும். மூன்றாம் மாதம் வாய் மீண்டும் தூர்ந்தால் அது எவருடைய ஒப்பந்தத்திலும் இல்லை. ஆண்டு முழுவதும் இத்தனை மீட்டர் ஆழம் இருக்க வேண்டும், இருக்கும் நாட்களுக்கே கூலி என்ற ஏற்பாட்டைப் பெரிய சரக்குத் துறைமுகங்கள் கையாளத் தொடங்கியிருக்கின்றன. மீன்பிடித் துறைமுகத்துக்கு அப்படி எழுத வேண்டுமானால் ஒப்பந்தம் மூன்று அல்லது ஐந்து ஆண்டுகளுக்கு இருக்க வேண்டும். அதற்கு அத்தனை ஆண்டுகளுக்கும் 2405இல் பணம் வரும் என்ற உறுதி வேண்டும்.